கட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள்

கைப்பேசிக்குள் இரண்டு கணினிகள் உண்டு. ஒன்று நாம் தொடும் திரையை இயக்குவது. மற்றொன்று மோடம், கோபுரத்தோடு பேசுவது அதுதான். அதன் மென்பொருளை நிறுவனங்கள் வெளியில் காட்டுவதில்லை.

2010இல் ஜெர்மனியின் ஹரால்ட் வெல்டேயும் நண்பர்களும் 'ஆஸ்மோகாம்பிபி' என்ற கட்டற்ற மாற்றைத் தொடங்கினார்கள். மோட்டோரோலா சி123 போன்ற மலிவான பழைய கைப்பேசிகளில் அது ஓடியது. பாதி வேலையை, கேபிளில் இணைத்த கணினி செய்தது. அதே டிசம்பரில், பெர்லின் மாநாடு ஒன்றில், அத்தகைய கைப்பேசிகளை வைத்தே ஜிஎஸ்எம் அழைப்பை ஒட்டுக்கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

நான் நர்ஸ். கட்டைப் பிரிக்காமல் புண் ஆறிவிட்டது என்று எழுத மாட்டேன். இவர்கள் பிரித்தார்கள்; உள்ளே சீழ் இருந்தது.

ஆனால் அந்த மென்பொருள் 2ஜிக்கு மட்டுமே. சிங்கப்பூரில் 2017லேயே 2ஜி நிறுத்தப்பட்டது. இப்போது நம் கையிலிருக்கும் மோடத்தின் கட்டை அது பிரிக்கவில்லை.