மார்பில் அணியும் அளவி: சுரங்கத் தொழிலாளர் உடல்நலமும் பதிவின் உரிமையும்

இந்தியச் சட்டத்தில் ‘சுரங்கம்’ என்னும் சொல் பேச்சுவழக்கில் உள்ளதைவிட அகன்ற பொருளுடையது. நிலக்கரிக் குழியோடு எண்ணெய்க் கிணற்றையும் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சுரங்கமென்றே வரையறுத்தது; அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. எனவே, எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைப் பிரிவு இயங்கும் காரைக்கால் வட்டாரத்தில், சுரக்குடி போன்ற ஊர்களைச் சூழ்ந்த நெல்வயல் நாட்டில் ரிக்கில் நிற்பவரும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுபவரும், மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரிப்பவரும் சட்டத்தின் பார்வையில் ஓரினத்தவர். இம்மூவரும் உடலில் அணியக்கூடிய காப்புக் கருவிகளை ஒப்பிட்டால், அவற்றுள் மிகப் பழையதும் திரையோ ஒலியோ இல்லாததுமான ஒன்றே தொழிலாளரின் உடல்நலத்துக்கு உறுதியான அமைப்பைப் பெற்றிருப்பது புலனாகும். அதற்கான காரணம் கருவியில் இல்லை. அளவீடு யாரைப் பின்தொடர்கிறது என்பதில் உள்ளது.

எண்ணெய்க் கிணற்றில் தொழிலாளர் சட்டைக் கழுத்தருகே மாட்டும் கேஸ் டிடெக்டர் எச்சரிக்கை வகையைச் சேர்ந்தது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை அது எட்டும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போவதால், நாற்றம் நின்றுவிட்டது என்று ஆறுதல் கொள்வதே பேராபத்தாக முடியும். மின்வேதி உணரி பொருத்திய கருவி பொதுவாக 10 பங்கிலேயே அலறி, மூக்கு செய்ய இயலாததைச் செய்கிறது. எளிதில் தீப்பற்றும் வாயு சூழ்ந்த இடத்தில் சாதாரணக் கைக்கடிகாரத் திறன்கருவியை அணிய முடியாது. பழுதடைந்தாலும் தீப்பொறி எழாத அளவுக்கு மின்னாற்றலைக் கட்டுப்படுத்திய, அதற்கெனச் சான்று பெற்ற வடிவமைப்பே அங்கு ஏற்கத்தக்கது. உணரியோ நாளடைவில் மந்தமாகும் இயல்புடையது. தெரிந்த அளவு வாயுவை அதன்மேல் செலுத்தி அது அலறுகிறதா என்று பார்க்கும் சோதனையைத் தவறவிட்டால், பாதுகாப்பு இருப்பதான தோற்றம் மட்டுமே எஞ்சும். இவ்வகையில் எண்ணை முதலில் அறிபவர் அணிந்தவரே என்பது சிறப்பு. ஆயினும் அலறல் ஓய்ந்ததும் அவர் வாழ்நாள் கணக்கில் அது எதையும் சேர்ப்பதில்லை.

மணவாளக்குறிச்சியின் நிலை இதற்கு நேர்மாறானது. அயல்நாட்டுக்குச் சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் 1909இல் இப்பகுதியின் மோனசைட் என்னும் கனிமத்தை அடையாளம் கண்டார் என்பர். மோனசைட்டில் தோரியம் உண்டு, தோரியம் கதிர்வீசும். ஆகவே கதிர்வீச்சுப் பணியாளர் மார்பில் ‘டி.எல்.டி. பேட்ஜ்’ எனப்படும் அட்டையை அணிவர். டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் அதில் உள்ளன. கதிர்வீச்சு தரும் ஆற்றலை அவை தம்முள் பிடித்துவைத்து, பின்னர் ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடுகின்றன. ஒளியின் அளவே உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவைச் சொல்கிறது. அணிந்திருப்பவரிடம் அவ்வட்டை எதுவும் சொல்லாது. காலப்பகுதி முடிந்து ஆய்வகம் போய் வந்த பிறகே எண் தெரியும். மேலும், தூசியோடும் தோரியத்திலிருந்து எழும் தோரான் வாயுவோடும் நுரையீரலுக்குள் புகுந்த கதிர்வீச்சை அது அறியாது. வெளியிலிருந்து உடலை எட்டுவதை மட்டுமே காணும்.

இத்தனை குறை இருந்தும் அந்த அட்டைக்குப் பின்னால் வேறெந்தச் சுரங்க அணிகருவிக்கும் வாய்க்காத ஒன்று நிற்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பேணும் தேசியப் பதிவேட்டில் ஒவ்வொரு கதிர்வீச்சுப் பணியாளரின் அளவும் அவர் பெயரிலேயே சேர்கிறது. நிறுவனம் மாறினாலும் கணக்கு அறுபடாது. ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்னும் வரம்புகள் பொருளுடையனவாக இருப்பது, கூட்டிப் பார்க்க ஒருவர் இருப்பதால்தான்.

தூசிக்கு இப்படியொரு கணக்கு இருந்திருந்தால் கோலார் தங்கவயலின் வரலாறு சற்றேனும் மாறியிருக்கும். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் இறங்கிய அச்சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி 2001இல் மூடப்பட்டன. கல்தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய் அங்கு 1940களிலேயே ஆவணமானது. எக்ஸ்ரே படத்தில் நிழல் விழும் நேரத்தில் சிதைவு மீள முடியாததாகிவிடுகிறது. கால இடைவெளியில் நடக்கும் மருத்துவச் சோதனை அதைக் கண்டறியுமேயன்றித் தடுக்காது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 2016 முதல் கட்டாயமாக்கப்பட்ட தனிநபர் தூசிமானி, சுவாசத்தில் கலக்கும் தூசியை ஷிப்டின் நடுவிலேயே தொழிலாளியின் இடுப்பில் எண்ணாகக் காட்டுகிறது. எச்சரிக்கையும் பதிவும் ஒரே கருவியில் கூடுவது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

நெய்வேலியில் சிக்கல் வெப்பம். 1961இல் நிலக்கரி வெளிப்பட்ட அத்திறந்தவெளிச் சுரங்கத்தில் ராட்சத வாளிச்சக்கர எந்திரத்தை இயக்குபவர் அறைக்குள் அமர்கிறார். கன்வேயர் அடியில் சிந்தியதை அள்ளுபவர் வெயிலில் நிற்கிறார். இதயத் துடிப்பைக் கொண்டு உடலின் உள்வெப்பத்தை மதிப்பிடும் மணிக்கட்டுப் பட்டைகள் இவருக்கே தேவை. ஆனால் வியர்வையிலும் அசைவிலும் ஒளிவழி அளவீடு பிறழும் என்பதால், அந்த எண்ணை நோயறிகுறி என்று கொள்ளாமல், நிழலுக்குச் செல்வதற்கான தூண்டுதலாகவே கொள்ள வேண்டும். அத்தூண்டுதலுக்குக் கீழ்ப்படிந்து மண்வெட்டியைக் கீழே வைக்கும் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கு இல்லையெனில், பட்டை அவரது ஓய்வு நிமிடங்களை எண்ணும் மேஸ்திரியாகிவிடும். இவ்வச்சம் கற்பனையன்று. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கத்துக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் பெறாமலே பணியாளரின் தரவைக் கையாள இடந்தருகிறது. துடிப்பும் இருப்பிடமும் அவ்வாயில் வழியே நுழைய முடியும்.

தூசிக்கும் வெப்பத்துக்கும் கதிர்வீச்சுக்கு உள்ளதைப்போன்ற பதிவேடு வந்தால் கூடுதல் அளவு ஏற்றவரை வேலையிலிருந்து நீக்குவதற்கே அது பயன்படும் என்னும் மறுப்பு வலுவானது; மேலோட்டமாகத் தள்ளத் தக்கதன்று. எனினும் விடைக்கான முன்மாதிரி சுரங்கச் சட்டத்திலேயே இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 9ஏ பிரிவு, சுரங்கப் பணியாலேயே உடல்தகுதி இழந்தவருக்கு அதே சுரங்கத்தில் மாற்றுப் பணியும், அது கிடைக்கும் வரை பிழைப்பூதியமும் தரும் பொறுப்பை உரிமையாளர்மேல் சுமத்தியது. அங்கே உரிமை பிறந்தது நோய் உறுதியான நாளில். தூசி, இரைச்சல், வெப்பம் ஆகியவற்றின் அளவும் கதிர்வீச்சின் அளவைப்போலத் தொழிலாளியின் பெயரில் சேருமானால், வரம்பை நெருங்கிய நாளிலேயே, நுரையீரலும் செவியும் கெடாத நிலையிலேயே, கூலி குறையாத மாற்றுப் பணியை அவர் கோருவதற்கு அந்த எண் ஆதாரமாகும். ஒப்பந்தக்காரர் மாறும்போது பேட்ஜை அவர் திருப்பிக் கொடுக்க நேரலாம், கணக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.