மேளக்கூலியிலிருந்து ஸ்பாட்டிஃபை வரை: ஜாசின் தோட்டத் தமிழர் இசைக்குக் கொடுத்த விலை

பாட்டுக்குக் கொடுக்கும் காசு பாடியவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பது இணையக் காலத்துக் கேள்வியாகவே பேசப்படுகிறது. மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் அதற்கு வயது அதிகம்.

1896இல் மலாக்காவில் டான் சே யான் தொடங்கிய வணிக ரப்பர் நடவு விரைவிலேயே இம்மாவட்டத்தின் புக்கிட் அசகானுக்குப் பரவியது. பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் லயங்கள் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் குடியேறினர்; லயத்துக்கு அருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. கோயில் என்றால் திருவிழா, திருவிழா என்றால் மேளம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி பிரித்து மேளக்காரருக்குக் கூலி கொடுத்தார்கள். வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் நடுவே எந்த நிறுவனமும் நிற்கவில்லை. இதைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். பறையடித்தவருக்குக் காசு கிடைத்தது, மரியாதை கிடைத்ததா என்பது வேறு கதை.

இசைத்தட்டு வணிகம்தான் நடுவில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பர்க் 1903இல் சிங்கப்பூருக்கு வந்து ஒலிப்பதிவு செய்தார். பாடுபவருக்கு ஒருமுறைத் தொகையைக் கொடுத்துவிட்டு உரிமையை நிறுவனமே வைத்துக்கொள்வது அக்காலத்தில் பரவலான வழக்கம். ஆனால் தட்டும் பெட்டியும் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டாதவை. லயத்து வீட்டுக்குள் விலைக்கு வாங்கிய பாட்டு பெருமளவில் நுழைந்தது கேசட்டோடுதான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், பதிவு செய்யும் வல்லமையைச் சாதாரணக் கடைக்காரருக்கும் கொடுத்தது. வட இந்தியாவை ஆராய்ந்த பீட்டர் மேனுவல், தம் 1993ஆம் ஆண்டு நூலில் இதன் இரு முகங்களையும் காட்டுகிறார்: பெரு நிறுவனங்களின் பிடி தளர்ந்து சிறு தயாரிப்பாளர்கள் எழுந்தார்கள், கள்ளப் பதிவும் கூடவே வளர்ந்தது. மலேசியத் தமிழரிடையிலும் இதுவே நடந்தது. கேட்க விரும்பும் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், வெற்று நாடாவில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். கடைக்காரருக்கு வருமானம், கேட்பவருக்கு மகிழ்ச்சி, பாடியவருக்கு ஒன்றுமில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக உரிமத்தொகை திரட்டும் எம்ஏசிபி 1989இல் அமைந்தது. பாடுபவர், வாசிப்பவர் ஆகியோரின் உரிமை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சட்டத்தில் இடம்பெற்றது. 2003 முதல் ஒவ்வொரு குறுவட்டின் உறையிலும் அரசின் ஹோலோகிராம் ஒட்டப்பட வேண்டும் என்றானது. மினுமினுக்கும் அந்தச் சிறு வில்லை, வட்டு கள்ளப் பதிவன்று என்று மட்டுமே சொல்லிற்று. கொடுத்த வெள்ளியில் பாடகருக்கு எத்தனை சென் போகும் என்பதைச் சொல்ல எந்த வில்லையும் இல்லை. ‘அசலை வாங்குங்கள்’ என்ற பிரசாரம் கலைஞரின் பெயரால் நடந்தாலும், முதலில் காத்தது பதிவு நிறுவனங்களின் நலனைத்தான் என்பது என் கணிப்பு.

உள்ளூர்த் தமிழ்க் கலைஞருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது: மலிவாகக் கிடைத்த தமிழ்நாட்டுத் திரைப்பாடல். யோகி பி & நட்சத்திராவின் ‘வல்லவன்’ ராப் இசைத்தொகுப்பு 2006இல் வெளிவந்தபோது அதோடும் மோத வேண்டியிருந்தது.

ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவுக்கு வந்தது. மாதச் சந்தா கட்டும் ஜாசின் இளைஞர், தம் பணம் தாம் கேட்ட பாடகருக்குப் போவதாக நினைக்கலாம். உண்மையில் அது பொதுத் தொகுப்பில் விழுந்து, மொத்தக் கேட்பு விகிதப்படி பிரிகிறது. 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்தப் பங்கும் இல்லை. பெரும் வெற்றியும் காப்பாற்றாது: 2021இல் உலகமெங்கும் பரவிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலிலிருந்து தமக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். கலைஞரிடமே நேரடியாக வாங்க வழிசெய்யும் பேண்ட்கேம்ப் போன்ற தளங்கள் இதற்கு மாற்று: எண்வழி விற்பனையில் 15 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்கிறது, கட்டணச் செலவு போக மீதி விற்பவருக்கு. தமிழ்க் கேட்பாளரிடம் அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

ஆனால் நேரடிக் கொடுக்கல் வாங்கல் இங்கே அற்றுப்போகவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், பெம்பான் பட்டணங்களுக்குப் பெயர்ந்த பிறகும் உறுமி மேளக் குழுக்கள் நிலைத்தன. மாசி மகத்துக்கு மலாக்காவின் சன்னாசி மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவர் வீட்டார் குழுத் தலைவரிடம் பேசி முன்பணம் கொடுத்து நாள் குறிக்கிறார்கள். விழா முடிந்ததும் வேன் வாடகை, தோல் மாற்றிய செலவு கழித்து, உறுமி, தவில், ஜால்ரா வாசித்தவர்கள் மீதியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பழைய மேளக்கூலியின் தொடர்ச்சி இது. வட்டையும் செயலியையும் நம்பாதது.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. உறுமிக் குழுக்கள் பாடும் பக்திப் பாடல்களில் பல, திரை மெட்டுகளில் ஏற்றப்பட்டவை. வாசித்தவர் கையில் காசு விழுகிறது, மெட்டமைத்தவருக்கு எதுவும் போவதில்லை. அவருக்குப் போக வேண்டியதைக் கேட்கும் வழி உரிமத்தொகை அமைப்புதான், அதாவது நேரடிக் கொடுக்கல் வாங்கல் தவிர்க்க நினைக்கும் அதே இடைத்தரகு. தோட்டக் கோயில் நிருவாகமோ காவடிக் குடும்பமோ அந்த அமைப்பிடம் உரிமம் கேட்டு விழா நடத்தும் நிலை வந்தால், மேளக்கூலியில் யார் பங்கு குறையும் என்பதை இனிமேல்தான் ஆராய வேண்டும்.