நந்தவனமும் நகரப் பூங்காவும்: தஞ்சைத் தரணியின் தோட்டங்கள்

காவிரிப் படுகையில் திட்டமிட்டு வளர்க்கப்பட்ட பழைய தோட்டம் கோயில் நந்தவனமே. சுவாமிக்கு நாள்தோறும் மாலை சாத்தப் பூ வேண்டும் என்பதால் மதிலுக்குள்ளோ ஊர்ப்புறத்திலோ அதற்கென நிலம் விடப்பட்டது. திருநந்தவனத்துக்கு இறையிலியாகக் கொடுத்த நிலங்களையும், செங்கழுநீர் வளர்த்த ஓடைகளையும், பாடுபட்ட குடிகளுக்கு அளந்த நெல்லையும் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூத்தொண்டு செய்தார் என்பது வைணவ மரபு.

அரளி, நந்தியாவட்டை, பவழமல்லி, துளசி, வில்வம் ஆகியவை நந்தவனத்தின் வழக்கமான செடிகொடி மரங்கள். கோடையில் ஆறு வறண்டாலும் பூசை நிற்காது. ஆகவே கிணறோ குளமோ இல்லாமல் நந்தவனம் அமைவதில்லை. ஏற்றத்தால் இறைத்த நீர் வாய்க்கால் வழியாகப் பாத்திகளுக்குப் பாய்ந்தது.

மராட்டியர் ஆட்சியில் வழிப்போக்கருக்கும் நிழல் தரும் இடங்கள் பெருகின. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பை அடுத்த நீடாமங்கலத்தில், பிரதாபசிம்மர் (1739–1763) தம் அரசி யமுனாம்பாள் பெயரில் சத்திரம் கட்டினார். யமுனாம்பாள்புரம் என்று ஊருக்கே பெயர் வழங்கியது. இத்தகைய சத்திரங்களை ஒட்டிக் குளமும் தோப்பும் இருப்பது வழக்கம். மானிய நிலங்களின் விளைச்சலே அன்னதானத்துக்கும் பராமரிப்புக்கும் முதலாக இருந்தது.

வரிப்பணத்தில் நடக்கும் பொதுப்பூங்கா 19ஆம் நூற்றாண்டில் வந்தது. சென்னையில் ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வித்திட்டார். 1865ஆம் ஆண்டு நகர அபிவிருத்திச் சட்டத்தை அடுத்து, 1866இல் தஞ்சாவூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் ஆகியவை நகராட்சிகளாயின. தஞ்சை நகராட்சி 1871–72இல் பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்தைச் சுற்றிப் பூங்கா அமைத்தது. கோட்டைக்குள் இருந்த அக்குளத்தின் கரை இவ்வாறு ஊராரின் உலாவிடமானது. பின்னாளில் அங்கே பறவைகளும் விலங்குகளும் வளர்க்கப்பட்டன.

ஏறத்தாழ அதே காலத்தில் சீனாவிலும் தோட்டம் கைமாறியது. சூசோ நகரத் தோட்டங்கள் அதுவரை ஓய்வுபெற்ற அதிகாரிகளும் செல்வரும் மதிலுக்குள் அனுபவித்தவை. 1868இல் ஷாங்காய் ஆற்றங்கரையில் வெளிநாட்டவர் திறந்த பூங்காவுக்குள் சீனர் 1928 வரை தடையின்றிச் செல்ல முடியவில்லை. பெய்ஜிங்கில் அரசர் மண்ணுக்கும் தானியத்துக்கும் பலியிட்ட வழிபாட்டு மேடை, முடியாட்சி வீழ்ந்தபின், 1914இல் பொதுப்பூங்காவானது.

தஞ்சையில் பூங்கா வந்ததால் நந்தவனம் மறையவில்லை. அதை நடத்திய பொருளாதாரமே மாறியது. 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களால் ஊழிய மானியங்கள், நில உடைமையாளர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. இன்று சிறு கோயில்கள் பலவற்றில் பூ கடையிலிருந்து வருகிறது. நந்தவனம் உள்ள கோயில்களில் அதைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அறநிலையத் துறையையும் உபயதாரர்களையும் சேர்ந்தது.