வளரி

வளரி (பெயர்ச்சொல்): எறிந்து தாக்கும் வளைந்த கைப்படை. சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் மறவரும் கள்ளரும் கையாண்டது. ‘வளை’ என்னும் அடியிலிருந்து பிறந்த சொல்லாகக் கருதப்படுகிறது. வளைதடி என்பது இதன் மறுபெயர். கள்ளர் பெயரை ஒட்டி ஆங்கிலேயர் இதைக் ‘காலரி ஸ்டிக்’ என்றனர்.

வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது வழக்கம், இரும்பிலும் உண்டு. பிறை வடிவம், ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் வெளிவிளிம்பு கூர்மையாகவும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சுழற்றி வீசுவர். சிவகங்கையை ஆண்ட மருது சகோதரருள் இளையவரான சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்ற ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்தவர் கையில் அது நூறு கெஜம் வரை குறி தப்பாது என்று 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

1801 அக்டோபர் 24இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்து பிரகடனம் விடுத்தார். அதன்பின் வளரி மெல்ல வழக்கொழிந்தது.