வெள்ளிக் குழாயின் வழி

தாராபுரத்திலும் அமராவதிக் கரையின் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பாலாடை இல்லாத வீடு அண்மைக் காலம் வரை அரிதாகவே இருந்தது. வெள்ளியாயினும் பித்தளையாயினும் அதன் வடிவம் ஒன்றே: குழிந்த வயிறும் நீண்ட மூக்கும். சங்கு என்றும் சிலர் அதனைச் சொல்வர். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட இக்கருவியை ஆராய்ந்த இந்திய மருத்துவர்கள், பச்சிளங் குழந்தைகள் கிண்ணத்தையும் புட்டியையும்விடப் பாலாடையிலேயே குறைந்த நேரத்தில் மிகுதியான பாலை அமைதியாகக் குடித்தன என்று 1999இல் எழுதினார்கள். நம் நன்னிமார்களுக்கு இது புதுச் செய்தியன்று.

ஆயினும் பாலாடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழந்தைக்கு விழுங்கத் தெரிந்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவை, உணவுக் குழல் இணையாமல் பிறந்தவை, மூளை வாதத்தால் தொண்டைத் தசைகள் ஒத்துழைக்காதவை, இதயக் கோளாற்றினால் இரண்டு மிடறு குடிக்குமுன் மூச்சு வாங்குபவை எனப் பல பிள்ளைகளுக்கு அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை. இவர்களுக்கு மூக்கையடைத்துப் பால் புகட்டினால், அந்தப் பால் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல் என்று வீட்டார் எண்ணிக்கொள்வது பல வேளைகளில் இதுவே. அத்தகைய பிள்ளைகளுக்கு மருத்துவர் மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ ஒரு குழாயை வைக்கிறார். உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: “அந்தக் குழாயைக் கழற்று, பசித்தால் தானாகக் குடிக்கும்!” குழாய் ஏதோ நேற்று வந்த அந்நியப் பொருள், தாயின் கைக்கு மாற்றாக வந்த இயந்திரம் என்பது அந்தக் குரலின் எண்ணம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

அந்தலூஸின் இஷ்பீலியா நகரில் பிறந்து, ஹிஜ்ரீ 557 (கி.பி. 1162) அளவில் மறைந்த அபூ மர்வான் அப்துல் மலிக் இப்னு ஸுஹ்ர் அவர்களை மேல்நாட்டார் ‘அவென்ஸோவார்’ என்பர். தலைமுறை தலைமுறையாக மருத்துவம் பயின்ற குடும்பம். அவருடைய மகளும் மகள்வழிப் பேத்தியும்கூடப் பெண்களுக்குரிய மருத்துவத்தில் தேர்ந்திருந்தனர் என்று வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ குறிக்கிறார். இதனை நம் எழுத்தாளர்கள் ஏனோ அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. அரசரின் சினத்துக்கு ஆளாகி மராக்கிஷில் சிறையிலும் இருந்தவர் இப்னு ஸுஹ்ர். நண்பர் இப்னு ருஷ்தின் தூண்டுதலால் அவர் எழுதிய நூல் ‘கிதாபுத் தைஸீர்’. ‘தைஸீர்’ என்றால் எளிதாக்குதல்.

உணவுக் குழல் அடைபட்டு விழுங்க இயலாதவர்களுக்கு அந்நூலில் அவர் மூன்று வழிகளை ஆராய்கிறார். வெள்ளியினாலோ வெள்ளீயத்தினாலோ செய்த குழாயைத் தொண்டைக்குள் சிறிது சிறிதாகச் செலுத்திப் பாலூட்டுவது ஒன்று. மலக்குடல் வழியாக ஊட்ட நீரைச் செலுத்துவது மற்றொன்று. நோயாளியைப் பாலில் அமர்த்தி, உடல் அதனை உறிஞ்சிக் கொள்ளுமென எதிர்பார்ப்பது மூன்றாவது. இதனை அவரே பெரிதாக மதிக்கவில்லை. மூச்சுக் குழலைக் கீறும் சிகிச்சையை முதலில் ஓர் ஆட்டின்மீது செய்து, புண் ஆறுவதைக் கண்டறிந்தவரும் அவரே. கேள்விப்பட்டதையெல்லாம் எழுதிவைக்காமல் சோதித்துத் தள்ளவும் கொள்ளவும் துணிந்த அந்தப் போக்கையே நான் அவருடைய பெரும் சிறப்பாகக் கருதுகிறேன். தைஸீர் 1280இல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1490இல் வெனிஸ் நகரில் அச்சேறியது.

பிறகு நெடுங்காலம் குழாய் அதிகம் மாறவில்லை. 1790ஆம் ஆண்டளவில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், திமிங்கில எலும்புக் கோலின்மேல் விலாங்கு மீனின் தோலைப் போர்த்தி, விழுங்கவியலாத ஒருவருக்கு உணவு செலுத்திக் காப்பாற்றினார். 1822இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் ஆறாத துளையுடன் பிழைத்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் 1880 வரை வாழ்ந்தார். இரைப்பையில் வாயில் இருந்தாலும் மனிதன் வாழலாம் என்பதற்கு அவரே சான்றானார். 1849இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஸெதிலோ வேண்டுமென்றே அவ்வாயிலைத் திறந்தார், நோயாளி பிழைக்கவில்லை. வெற்றி கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1880களில் பாரிஸில் தார்னியே, குறைமாதக் குழந்தைகளுக்கு மெல்லிய ரப்பர்க் குழாயால் பாலூட்டலானார்.

நம் நாட்டு மக்கள் இக்குழாயைப் பற்றி முதன்முதலில் பரவலாகக் கேள்விப்பட்டது நல்ல செய்தியாக அன்று. 1929இல் லாகூர்ச் சிறையில் உண்ணாநோன்பிருந்த ஜதீந்திரநாத் தாஸுக்கு வலுக்கட்டாயமாகக் குழாயிட்டுப் பால் புகட்டினர். பால் நுரையீரலில் புகுந்தது. 63 நாள் நோன்புக்குப் பின் செப்டம்பர் 13 அன்று அவர் உயிர் நீத்தார். நம் காலத்தில் மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 முதல் 2016 வரை மூக்குக் குழாயுடனேயே காட்சியளித்தார். குழாயைக் கண்டதும் நம் மக்கள் முகஞ்சுளிப்பதற்கு இந்த நினைவும் ஒரு காரணமோ என்னவோ. உண்ண மறுத்தவருக்கு அது கொடுமை. உண்ண இயலாத குழந்தைக்கு அதுவே சோறு.

குழந்தைக்குப் பெரிய விடுதலை வந்தது 1979 ஜூன் 12 அன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியே செலுத்திய உள்நோக்குக் கருவியின் துணையோடு, நாலரை மாதக் குழந்தையொன்றின் இரைப்பையில் குழாய் அமைத்தார்கள். முதியோருக்கு உலகெங்கும் இன்று செய்யப்படும் அச்சிகிச்சை முதலில் ஒரு கைக்குழந்தைக்காகவே பிறந்தது. 1984இல் காடரர் அதனை ஒரு பொத்தானளவுக்குச் சுருக்கினார். பனியனுக்குள் மறைந்துவிடும், பிள்ளை தெருவில் விளையாடலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். 1799க்குப் பின் சில ஆண்டுகள் கோயம்புத்தூர்ச் சீமையின் தென்பகுதிக்குத் தலைமையிடமாக இருந்த தாராபுரத்திலிருந்து, குழந்தை அறுவை மருத்துவரைத் தேடி இன்று பெரும்பாலும் 80 கி.மீ. அளவிலுள்ள கோவைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தபின் மருத்துவர் அருகில் இல்லை; தாய்தான் இருக்கிறாள். மூக்குக் குழாயானால், ஒவ்வொரு முறையும் பாலூட்டுமுன் சிறிது இரைப்பை நீரை உறிஞ்சி அமிலத்தாளில் சோதிக்க வேண்டும், அளவு 5.5க்கு மேற்பட்டால் ஊட்டக் கூடாது. காற்றைச் செலுத்திக் காது வைத்துக் கேட்கும் பழைய முறையை இப்போது போதிய சான்றாகக் கொள்வதில்லை. ஜதீந்திரநாத்துக்கு நேர்ந்தது நேராமலிருக்கவே இவ்வளவும். தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும்; ஊட்டிய பின் அரைமணி நேரமேனும் படுக்க வைக்கலாகாது. கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதான், ஆனால் வடிகட்டாமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கொதித்தாறிய நீரால் ஒவ்வொரு முறையும் குழாயை அலசுவது அவசியம். வயிற்றுக் குழாய் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இத்தனையையும் ஒருத்தி, மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும் செய்கிறாள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு அவளும் போய்வந்த வீடானால், ஒரு கூலி நின்றுபோன வீடும் அது. 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிந்து மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வழியுண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. கேட்டுப் பெறவேண்டியவை இவை. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு அரசு வராது. அந்த வேளைக்கு அத்தாவோ, நன்னியோ, சாச்சியோ ஒருவர் மருத்துவமனைச் செவிலியரிடம் அளவும் சோதனையும் கற்று வந்திருந்தால், தாய் விடியும்வரை ஒரே மூச்சில் உறங்கலாம்.