காதல் கதை எழுதிய கறுப்பர்: ஃப்ராங்க் யெர்பியின் ஏற்றமும் இறக்கமும்



தலித் இலக்கிய மேடையின் நினைவுச் சொற்பொழிவில் ஒரு காதல் நாவல்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஏற்பாட்டுக் குழுவிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் எழுத வந்தால் அவனிடமிருந்து கண்ணீரையும் கோபத்தையும் மட்டும்தான் எதிர்பார்க்க வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவர் பெயர் ஃப்ராங்க் யெர்பி. அமெரிக்கக் கறுப்பினத்தவர். எழுதியவை 33 நாவல்கள். உலகமெங்கும் ஐந்தரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நம் மாணவர்களுக்கு ரிச்சர்ட் ரைட்டைத் தெரியும், ஜேம்ஸ் பால்ட்வினைத் தெரியும், டோனி மாரிசனைத் தெரியும். யெர்பியைத் தெரியாது. அமெரிக்காவின் கறுப்பின இலக்கியப் பாடத்திட்டங்களிலும் அவர் நீண்டகாலம் அநேகமாக இல்லை. 1991 நவம்பர் 29 அன்று ஸ்பெயினின் மத்ரித் நகரத்தில் இதய நோயால் இறந்தார். தன் சாவை உடனே வெளியில் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் கேட்டிருந்தார். ஐந்து வாரங்கள் கழித்துத்தான் உலகத்துக்குச் செய்தி தெரிந்தது.

1916 செப்டம்பர் 5 அன்று ஜார்ஜியா மாநிலம் ஆகஸ்டா ஊரில் பிறந்தவர். அப்பா ஓட்டல் வாயில்காப்பாளர். வேலை தேடி வெளியூர்களிலேயே அதிகம் இருந்தவர். குடும்பத்தில் ஆப்பிரிக்க, வெள்ளை, செவ்விந்திய ரத்தம் எல்லாம் கலந்திருந்தது. நிறம் வெளுப்பு. ஆனால் அந்த ஊர்ச் சட்டத்துக்கு ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலே போதும். வெள்ளைப் பையன்கள் கறுப்பன் என்று அடித்தார்கள், கறுப்புப் பையன்கள் வெளுப்பாக இருக்கிறாயே என்று அடித்தார்கள். இரண்டு பக்கமும் அடிபட்ட இந்த அனுபவம் அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் முறைதவறிப் பிறந்த நாயகன், எங்கும் ஒட்டாத அந்நியன் என்ற வடிவத்தில் ஒளிந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

படிப்பெல்லாம் கறுப்பினத்தவருக்கான நிறுவனங்களில். முன்பு அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த லூசி லேனி என்ற அம்மையார் நடத்திய ஹெயின்ஸ் பள்ளி, ஆகஸ்டாவின் பெய்ன் கல்லூரி, பிறகு ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1938-இல் முதுகலை. முனைவர் பட்டத்துக்காகச் சிகாகோ போனவர் அதை முடிக்கவில்லை. அங்கே அரசின் எழுத்தாளர் திட்டத்தில் வேலை. அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் ரிச்சர்ட் ரைட், மார்கரெட் வாக்கர், ஆர்னா பான்டெம்ப்ஸ். அதாவது கறுப்பின இலக்கியத்தின் போராட்டக் கூடாரத்துக்கு உள்ளேயேதான் அவர் தொடங்கினார். பிறகு தெற்கே இரண்டு கறுப்பினக் கல்லூரிகளில் ஆசிரியர் வேலை. அங்கே மூச்சுமுட்டி, போர்க்காலத்தில் வடக்கே ஃபோர்டு தொழிற்சாலைக்கு வந்துவிட்டார்.

1944-இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் ‘ஹெல்த் கார்டு’ என்ற சிறுகதை வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கறுப்பினப் படைவீரன். அவனைப் பார்க்க மனைவி தொலைவிலிருந்து முகாம் இருக்கும் ஊருக்கு வருகிறாள். இருவரும் தெருவில் சேர்ந்து நடந்து போகிறார்கள். ராணுவப் போலீஸ் மறிக்கிறது. அந்தப் பெண்ணிடம் சுகாதார அட்டையைக் கேட்கிறது. பாலியல் தொழிலாளிகளுக்குக் கொடுக்கப்படும் அட்டை அது. முகாம் ஊரில் ஒரு கறுப்புப் பெண் ஒரு சிப்பாயோடு நடந்தால் அவள் வேறு யாராக இருக்க முடியும் என்பது போலீசின் கணக்கு. நாட்டுக்காகச் சாகத் தயாராக இருப்பவனால் தன் மனைவியை என் மனைவி என்று நிரூபிக்க முடியவில்லை. திருப்பி அடித்தால் சாவு, அடிக்காவிட்டால் ஆண் என்ற பெயர் போய்விடும். அவள்தான் அவனைத் தடுத்து உயிரோடு வைத்திருக்கிறாள்.

இந்தக் கதைக்கு அந்த ஆண்டின் சிறந்த முதல் கதைக்கான ஓ.ஹென்றி நினைவுப் பரிசு கிடைத்தது. எதிர்ப்பிலக்கியத்தின் முன்மாதிரி என்று கொண்டாடினார்கள். அது எதிர்ப்பிலக்கியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு காதல் கதையும்கூட என்பதை அன்றைய விமர்சகர்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. கணவனும் மனைவியும் ஒரு தெருவில் கைகோத்து நடக்கலாமா என்பதுதான் கதையின் கேள்வியே. இதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தருமபுரி நத்தம் காலனி எரிந்ததும் (2012), இளவரசன் தண்டவாளத்தில் கிடந்ததும், கோகுல்ராஜ் ஒரு பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கொல்லப்பட்டதும், உடுமலை சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதும் நமக்கு நேற்று நடந்தவை. காதல் நம் ஊரில் பொழுதுபோக்கு இலக்கியத்தின் பாடுபொருளாக இருக்கலாம். நம் தெருவில் அது முதல் தகவல் அறிக்கையின் பாடுபொருள்.

பரிசு கிடைத்த கையோடு யெர்பி நிறவெறியை நேரடியாகத் தாக்கும் ஒரு முழுநாவலையும் எழுதி வைத்திருந்தார். பதிப்பகங்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பம் இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், ஆலை வேலை. உட்கார்ந்து யோசித்தார். அமெரிக்காவில் எது விற்கிறது என்று புத்தகங்களை ஆராய்ந்தார். 1936-இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ தென்மாநிலப் பண்ணைப் பிரபுக்களின் காதலை விற்றுக் கோடிகளைக் குவித்திருந்தது. அதே மண்ணை, அதே பண்ணை மாளிகையை இவர் எடுத்தார்.

1946-இல் ‘தி ஃபாக்ஸஸ் ஆஃப் ஹாரோ’ வந்தது. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நாவல் அந்த அளவு விற்றது அதுவே முதல் முறை. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் உரிமை வாங்கி, ரெக்ஸ் ஹாரிசனும் மௌரீன் ஓஹாராவும் நடித்து, அடுத்த ஆண்டே படமாக வந்தது. பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கொரு நாவல். கடற்கொள்ளையர், சிலுவைப்போர் வீரர்கள், சூதாடிகள், அழகிகள். படித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எழுதியவரும் வெள்ளையர் என்றே அவர்களில் பலர் நம்பினார்கள்.

அந்த 1946-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதன் பிரதிகளைக் கேட்டு டாக்டர் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியது அந்த ஆண்டில்தான். இரண்டு விடுதலைப் போராட்டங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்ட அதே ஆண்டில், அமெரிக்கப் புத்தகக் கடைகளில் அதிகம் விற்ற கறுப்பின எழுத்தாளரின் நாவலில் நாயகன் ஒரு வெள்ளை அடிமை முதலாளி. கோபம் வரத்தான் செய்யும். வந்தது. கறுப்பின இதழ்களில் கேட்டார்கள். 1958-இல் அமெரிக்க நீக்ரோ நாவல் பற்றி நூல் எழுதிய ராபர்ட் போன், யெர்பியை மலிவு எழுத்தின் ராஜகுமாரன் என்ற பொருளில் எள்ளி ஒதுக்கினார். அவரே அதற்கு உதவியும் செய்தார். 1959-இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில், இந்த வகை நாவலை எப்படிச் செய்கிறேன் என்று தச்சர் பெட்டி செய்யும் முறையைச் சொல்வதுபோல் செய்முறை எழுதினார். அரசியல், மதம், இனம் பற்றிய தன் சொந்தக் கருத்துகளை வாசகர் தலையில் கட்ட நாவலாசிரியருக்கு உரிமையில்லை என்று வாதிட்டார். எனக்கு அந்தக் கட்டுரை எரிச்சலூட்டுகிறது. அடிபட்டவன் எனக்கு வலிக்கவே இல்லை என்று சொல்லும்போது வரும் எரிச்சல்.

ஆனால் நாவலைப் படித்தால் கதை வேறு. ‘ஃபாக்ஸஸ்’ நாயகன் ஸ்டீஃபன் ஃபாக்ஸ் ஒரு பிரபுவே அல்ல. முறைதவறிப் பிறந்த அயர்லாந்துக்காரன், சீட்டாடிப் பிழைப்பவன். கப்பலிலிருந்து மிஸ்ஸிஸிப்பி ஆற்றின் சேற்றுத்திட்டில் இறக்கிவிடப்படுபவன். சூதில் ஜெயித்த பணத்தில்தான் மாளிகை எழும்புகிறது. தெற்கின் ‘உயர்குடி’ எங்கிருந்து வந்தது என்று ஒரு கறுப்பர் வெள்ளையரிடமே பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதே நாவலில் அடிமையாக வாழ மறுத்து, பெற்ற குழந்தையோடு ஆற்றில் சாக முயலும் ஒரு பெண் வருகிறாள். காப்பாற்றப்படும் அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதே நியூ ஆர்லியன்ஸில் பதவிக்கு வருகிறான். ‘பிலவ்ட்’ நாவலை எழுதிய மாரிசனுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னால், விமானநிலையக் கடை வாசகருக்காக எழுதப்பட்ட ஒரு காதல் நாவலின் மூலையில், தன் குழந்தையை அடிமையாக வாழவிட மாட்டேன் என்று சொன்ன தாய் நிற்கிறாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. மூலையில் நிற்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் டார்வின் டர்னர் என்ற கறுப்பினப் பேராசிரியர். 1968-இல் யெர்பியைப் பொய்ம்மைகளை உடைப்பவர் என்று அடையாளம் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். வரலாற்றுத் தரவுகளைத் தேடித் தேடிச் சேகரித்து, தென்மாநிலப் பெருமைகளின் அடியில் இருக்கும் கொலையையும் கொள்ளையையும் கதைக்குள் வைக்கிறார் என்பது அவர் வாதம். ஆனால் கறுப்புக் கலை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. காதல் நாவல்காரரை மறுபரிசீலனை செய்ய யாருக்கும் நேரமில்லை.

யெர்பி அப்போது அமெரிக்காவிலேயே இல்லை. 1950-களின் தொடக்கத்தில் பிரான்சுக்குப் போனவர் 1955-இல் மத்ரித்தில் குடியேறிவிட்டார். மான்ட்காமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த அதே ஆண்டு. பொருந்தாத இன்னொன்றும் உண்டு. நிறவெறியிலிருந்து தப்பி அவர் போய்ச் சேர்ந்த இடம் ஃப்ராங்கோவின் சர்வாதிகாரம் நடந்த நாடு. அவரைத் தியாகியாக்க நினைப்பவர்கள் இதையும் விழுங்க வேண்டும். ஆனால் முதல் திருமணம் முறிந்தபின் 1956-இல் அவர் ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவரை மணந்தார். அதே திருமணத்தைப் பிறந்த ஊரில் செய்திருந்தால் ஜார்ஜியா சட்டப்படி அது குற்றம். கறுப்பர், வெள்ளையர் திருமணத் தடைச் சட்டங்களை ‘லவிங்’ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது 1967-இல். பதினோரு ஆண்டுகள் கழித்து. சமூகவியலில் அகமணமுறை என்று ஒரு சொல் வைத்துக்கொண்டு நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சாதியின் சாரமே அகமணம்தான் என்று 1916-இல், யெர்பி பிறந்த அதே ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையிலிருந்து அந்த விவாதம் நமக்குத் தொடங்குகிறது. காதல் கதை எழுதுகிறவர் அந்தச் சுவரின் மீதுதான் உட்கார்ந்து எழுதுகிறார், அவருக்கு அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். யெர்பிக்குத் தெரியும்.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு கழித்து ‘ஸ்பீக் நவ்’ வந்தது. பாரிஸில் வாழும் கறுப்பின ஜாஸ் கலைஞனுக்கும் தென்மாநில வெள்ளைப் பெண்ணுக்கும் காதல், பின்னணியில் 1968 மாணவர் எழுச்சி. 1971-இல் ‘தி டஹோமியன்’. ஆப்பிரிக்க டஹோமி அரசில் ஒரு தலைவரின் மகன். அவனுடைய காதல்கள், மனைவிகள், போர்கள், கடைசியில் சொந்த உறவுகளின் துரோகத்தால் அடிமை வணிகர்களுக்கு விற்கப்படுதல். அவருடைய ஆகச் சிறந்த நாவல் என்று பலரும் இதைச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வந்தது இது. ஆனால் உலகம் பேசியது ‘ரூட்ஸ்’ பற்றித்தான். 1976-இல் ஃபிஸ்க், அடுத்த ஆண்டு பெய்ன் என்று படித்த நிறுவனங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. அதற்குள் வாசகர் கூட்டம் மெலியத் தொடங்கியிருந்தது. கடைசி நாவல் 1985-இல்.

இப்போது நம் பக்கம். பாபுராவ் பாகுலின் ‘நான் சாதியை மறைத்தபோது’ 1963-இல் வந்தது. மறைத்து வாழ்வதன் வலியை மறைக்காமல் எழுதிய கதை அது. யெர்பி செய்தது நேர் எதிர். வலியை மறைத்துவிட்டு, மறைத்ததை வைத்தே தொழில் நடத்தினார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். தமிழில் ‘கருக்கு’ 1992-இல் வந்து கதவைத் திறந்த பிறகு, ஒரு புது நெருக்கடியும் கூடவே வந்தது. ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது இது தலித் நாவல்தானா, யாரைக் குற்றம் சாட்டுகிறது என்று நம்மவர்களே நடத்திய விசாரணை பலருக்கு நினைவிருக்கும். அந்த விவாதம் தேவையானதுதான். ஆனால் அதன் எச்சமாக ஒரு பழக்கம் தங்கிவிட்டது. சேரியிலிருந்து ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தால், பதிப்பாளர் முதலில் தன்வரலாறு இருக்கிறதா என்று கேட்கிறார். நாமும் அதையே கேட்கிறோம்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அட்டை கிழிந்த மாத நாவல்கள் தலையணைக்கடியில் கைமாறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நாவல்களில் நாயகனுக்குக் கார் உண்டு, எஸ்டேட் உண்டு, பாட்டி உண்டு, சாதிப் பெயர் மட்டும் இருக்காது. இருக்கத் தேவையில்லை, வீட்டு வாசலைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பெண்கள் முட்டாள்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. தங்கள் ஊரில் உயிரைக் கேட்கும் ஒன்றை, உயிர் போகாமல் ஒரு இரவு முழுக்க வாழ்ந்து பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளை அதே வகை நாவலை, சேரித் தெருவை வைத்து, கொலையில் முடிக்காமல் எழுதினால் நம் மேடை அவளை என்ன செய்யும்? யெர்பியைப் போல வாசலிலேயே நிறுத்துமா?

யெர்பியின் சிறுகதைகள் தொகுக்கப்பட்டு மிஸ்ஸிஸிப்பி பல்கலைக்கழக அச்சகம் 2020-இல் நூலாக வெளியிட்டிருக்கிறது. அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து. வெரோனிகா வாட்சன் என்ற ஆய்வாளர் பதிப்பித்தது. அச்சேறாமல் கிடந்த கதைகளும் அதில் இருக்கின்றன. நம் மன்றத்தின் வாசிப்பு வட்டம் ‘ஹெல்த் கார்டு’ கதையிலிருந்து தொடங்கலாம். சின்னக் கதைதான், ஒரு மாலையில் படித்து முடித்து விவாதிக்கலாம். ஆங்கிலத்தில் தென்மாநிலக் கறுப்பினப் பேச்சு வழக்கு நிறைய வரும். அதைத் தமிழில் எந்த வட்டார வழக்குக்குக் கொண்டுவருவது என்பதில் எனக்கும் தீர்மானமில்லை. வட ஆர்க்காட்டுத் தோழர்களும் நெல்லைத் தோழர்களும் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்யட்டும்.