வானத்தில் வரைந்த எல்லைக்கோடு

பிறந்த நாட்டைவிட்டுப் பெயர்ந்து வாழ்பவர், அங்கே விட்டுவந்த வீட்டையும் நிலத்தையும் காலப்போக்கில் மறந்தாலும் மறப்பர். நாள்தோறும் செவியில் விழுந்த பேச்சின் ஓசையை மறப்பதில்லை. முற்காலத்திலே அவ்வோசை அவர்களைத் தேடிச் செல்ல வழியிருக்கவில்லை. கப்பலில் வந்த கடிதமும், வாரங்கள் பல கழிந்து வந்த செய்தித்தாளுமே ஊரின் நினைவாக வந்தடைந்தன. பின்னர் அவ்வோசையை வானொலி கடல் கடந்து கொண்டுசென்றது. அதனோடு முகங்களையும் தெருக்களையும் தொலைக்காட்சி கொண்டுசென்றது. இவ்வாறு வந்தடைந்த செல்வம் ஒருநாள் திடீரென நின்றுபோனால் என்ன செய்வது? ஸ்பெயின் நாட்டின் கடற்கரையூர்களில் வாழ்ந்த பிரித்தானியர் பலருக்கு 2014ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எழுந்த கேள்வி இதுவே. அந்தக் கேள்வியின் பின்னால் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சுருக்கமாக நோக்குவோம்.

கடல் கடந்து வாழும் தன் மக்களுக்கென்றே ஒலிபரப்பும் முயற்சியில் முந்திக்கொண்ட நாடுகளுள் ஒல்லாந்து ஒன்று. 1927ஆம் ஆண்டிலே பிலிப்ஸ் நிறுவனத்தார் ஐந்தோவன் நகரிலிருந்து சிற்றலை மூலம் கிழக்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த ஒல்லாந்தரை எட்டினர். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி., 1932ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், டெவென்ட்ரி என்னுமிடத்திலிருந்து தனது பேரரசுச் சேவையைத் தொடங்கியது. ஆறு நாட்கள் கழித்து வந்த நத்தார்த் தினத்தன்று ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அச்சேவையின் வழியே உலகெங்குமிருந்த தம் குடிகளுக்குப் பேசினார். அவ்வுரையை எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். தேயிலைத் தோட்டத்திலும், ஆபிரிக்கக் காட்டோரத்திலும், அவுஸ்திரேலியப் பண்ணையிலும் தனித்திருந்த ஆங்கிலேயர் தம் மன்னரின் குரலை அவர் பேசிய அதே கணத்தில் கேட்டனர். அது அவர்களை நோக்கியே அனுப்பப்பட்ட குரல். இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்திலிருத்த வேண்டும். பின்னர் வருவதற்கு இதுவே திறவுகோல்.

இக்கதையில் நமது நாட்டிற்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944இல் பேராதனைக்கு வந்தது. அப்படையினரின் ஊர்நினைவைத் தணிக்கும்பொருட்டுக் கொழும்பிலே ‘ரேடியோ சீயாக்’ என்னும் நிலையம் இயங்கியது. அதற்கென ஏக்கலையில் 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து படையினர் வீடு திரும்பியபின், 1949இல் அந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. பிறநாட்டுப் போர்வீரரின் ஏக்கத்தைத் தீர்க்கவென அமைந்த அதே பரப்பியே, பின்னர் பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்து வீடுகளிலும் இலங்கை வானொலியை விருந்தாளியாக்கியது. சிற்றலை வானிற் பட்டுத் தெறித்து நெடுந்தூரம் சென்று விழுவது. அதற்கு எல்லைக் காவலர் இல்லை.

தொலைக்காட்சியின் இயல்போ வேறு. பி.பி.சி. தனது முறையான தொலைக்காட்சிச் சேவையை 1936ஆம் ஆண்டு நவெம்பர் 2ஆம் நாள் இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தொடங்கியது. அது பயன்படுத்திய அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலே செல்வன. பூமி வளைந்திருத்தலால், கோபுரத்தின் பார்வைக்கு எட்டிய தூரத்தை அவை பெரிதும் கடப்பதில்லை. ஆகவே தொலைக்காட்சி நெடுங்காலம் நாட்டெல்லைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. அக்காலத்தில் ஸ்பெயினில் குடியேறிய பிரித்தானியர், தம் நாட்டுத் தொலைக்காட்சியை இழந்ததாக எண்ணவில்லை. அது அங்கே கிடைக்கக்கூடியதென்று எவருமே எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்ப்பைத் தோற்றுவித்தது செய்மதி. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதியானது, பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றிவருவதால் வானத்தில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அத்தகைய மூன்று செய்மதிகள் உலகு முழுவதற்கும் ஒலிபரப்பப் போதுமானவை என்றும் 1945இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956ஆம் ஆண்டிலே இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பிலே காலமானவர் என்பதை நேயர்கள் அறிவர். அவர் கண்ட கனவிலே நாட்டெல்லைகளுக்கு இடமிருக்கவில்லை. வானிலிருந்து பொழியும் அலை மழையைப் போன்றது. மழை எவருடைய வேலியையும் பார்ப்பதில்லை.

1988ஆம் ஆண்டு டிசம்பரில் அஸ்ட்ரா என்னும் செய்மதித் தொகுதியின் முதலாவது செய்மதி ஏவப்பட்டது. 1989 பெப்ரவரியில் ஸ்கை தொலைக்காட்சி அதன் வழியே பிரித்தானியாவிற்கு ஒளிபரப்பலாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரிலே ஐரோப்பிய சமூகம் ‘எல்லைகளற்ற தொலைக்காட்சி’ என்ற பெயரிலே ஒரு சட்ட ஏற்பாட்டையும் நிறைவேற்றியது. பெயர் பெரிது; ஆயினும் அது ஒளிபரப்புக்களின் வழியைத் திறந்ததேயன்றி, நிகழ்ச்சிகளின் உரிமையைத் திறக்கவில்லை. ஒரு திரைப்படத்தையோ உதைபந்தாட்டப் போட்டியையோ ஒளிபரப்பும் உரிமை நாடு நாடாகவே விற்கப்பட்டது. பிரித்தானியாவுக்கென வாங்கியவர் ஸ்பெயினில் அதனைக் காட்டினால், ஸ்பெயினுக்கென வாங்கியவரின் முதல் பாழாகும். அலை மழையாயிருக்கலாம், அதிலே நனைந்து வரும் பண்டமோ விலைபேசி விற்கப்பட்டது.

இம்முரண்பாட்டைத் தீர்க்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஒளிபரப்பைப் பூட்டி, அதைத் திறக்கும் அட்டையை உள்நாட்டு முகவரிக்கு மட்டும் கொடுப்பது. மற்றது, செய்மதியின் கதிரையே ஒடுக்கிவிடுவது. 1998ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஸ்கை நிறுவனம் எண்மான ஒளிபரப்பைத் தொடங்கியபோது பி.பி.சி.யும் பூட்டிய நிலையிலே அதில் இடம்பெற்றது. கதிர் அகன்றது, கதவு பூட்டியது என்பதே அக்கால நிலை.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட அஸ்ட்ரா 2-டி இந்நிலையை மாற்றிற்று. அதன் கதிர் பிரித்தானியத் தீவுகளின்மீது குவிக்கப்பட்ட ஒடுங்கிய கதிர். அதை நம்பி 2003ஆம் ஆண்டு யூலையில் பி.பி.சி. தனது பூட்டைக் கழற்றிவிட்டது. பூட்டுதற்காகச் செலுத்திவந்த பெருந்தொகை மீதமாகும் என்பதும், அட்டையின்றியே மக்கள் பார்க்கலாம் என்பதும் அதற்குக் காரணங்கள். 2005இல் ஐ.ரி.வி.யும் 2008இல் சனல் 4உம் அவ்வழியே சென்றன. அவ்வாண்டு மே மாதத்தில் பி.பி.சி.யும் ஐ.ரி.வி.யும் கூடி, மாதக் கட்டணமற்ற ‘பிரீசற்’ சேவையை ஆரம்பித்தன.

ஆனால் வானிலிருந்து விழும் கதிர் கத்தியால் வெட்டியதுபோல ஓரிடத்தில் முடிவதில்லை. விளக்கின் ஒளி சுவரோரத்தில் மங்கிப் படர்வதுபோல, அக்கதிரின் ஓரமும் பிரான்சைக் கடந்து ஸ்பெயின்வரை மெலிந்து படர்ந்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில் 43 சென்றிமீற்றர் அகலமுள்ள டிஷ் அன்ரெனா போதுமாயிருந்தது. ஸ்பெயினின் கிழக்குக் கரையிலோ 2 மீற்றர் அளவுள்ள டிஷ் தேவைப்பட்டது. தெற்கே செல்லச் செல்ல இன்னும் பெரிது வேண்டியிருந்தது. ஓய்வூதியம் பெற்று வெயில் நாடித் தெற்கே வந்திருந்த முதியோர் பலர், அப்பெரிய டிஷ்களைத் தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் நிறுவினர். அவற்றைப் பொருத்திக் கொடுப்பதே ஒரு தொழிலாக வளர்ந்தது. மாலைச் செய்தியும், வாரந்தோறும் வரும் தொடர்நாடகமும், ஊர்ப்பக்கத்து வானிலை அறிக்கையும் அவர்களது நாளை ஒழுங்குபடுத்தின. ஸ்பானிய மொழியை முதுமையிற் கற்க இயலாதவர்க்கும், துணையை இழந்து தனித்திருந்தவர்க்கும் அது வெறும் பொழுதுபோக்கன்று. வீட்டிற்குள் ஒலித்த மனிதக் குரல்.

அஸ்ட்ரா 2-டி பன்னிரண்டு ஆண்டு ஆயுளுக்கென அமைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 2012 செப்டெம்பரில் அஸ்ட்ரா 2-எவ்வும், ஓராண்டு கழித்து 2013 செப்டெம்பரில் அஸ்ட்ரா 2-இயும் ஏவப்பட்டன. புதிய செய்மதிகளின் பிரித்தானியக் கதிர் பழையதிலும் செம்மையாக வடிவமைக்கப்பட்டிருந்தது. 2014 பெப்ரவரியிலே பி.பி.சி., ஐ.ரி.வி., சனல் 4 ஆகியவற்றின் அலைவரிசைகள் புதிய செய்மதிக்கு மாற்றப்பட்டன. பிரித்தானியாவிலே எவரும் வேறுபாட்டை உணரவில்லை. வட பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்தோர்க்கும் பெரிதாக எதுவும் நேரவில்லை. ஸ்பெயினின் தென்கரையிலும் கிழக்குக் கரையிலுமோ, எண்ணற்ற வீடுகளின் திரைகள் இருண்டன. அக்காலத்தில் ஸ்பெயினின் பதிவேடுகளிற் கண்ட பிரித்தானியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்களுள் டிஷ்ஷை நம்பியிருந்தோர், பெருஞ்செலவில் நிறுவியவை மழைநீர் தேங்கும் கிண்ணங்களாகிவிட்டதைக் கண்டனர்.

இதில் எவர் குற்றம் செய்தார்? அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்துவோர்க்கே பி.பி.சி.யின் உள்நாட்டுச் சேவை உரியது; ஸ்பெயினில் வாழ்வோர் அதனைச் செலுத்துவதில்லை. நிகழ்ச்சி உரிமைகளும் பிரித்தானியாவுக்கென்றே வாங்கப்பட்டன. ஆகவே ஒளிபரப்பாளர்மீது சட்டப்படி குறைகூற இடமில்லை. மறுபக்கத்தில், உழைத்த காலமெல்லாம் அக்கட்டணத்தைச் செலுத்திவந்த ஒருவர், வேண்டுமானால் இங்கிருந்தும் செலுத்துகின்றேன், எனக்கு விற்பாரில்லையே என்று சொன்னால், அதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரண்டும் நியாயமே, இரண்டையும் பொருத்தும் ஏற்பாடு ஒன்று மட்டுமே இருக்கவில்லை.

நீதிமன்றமும் இவ்வழக்கின் ஓரத்தைத் தொட்டது. இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரில் மதுவிடுதி நடத்திய ஒரு பெண்மணி, உதைபந்தாட்டத்தைக் குறைந்த விலையில் காட்டக் கிரேக்க நாட்டு அட்டையைப் பயன்படுத்தினார். 2011 ஒக்டோபர் 4ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், அத்தகைய வெளிநாட்டு அட்டைகளை முற்றாகத் தடைசெய்தல் ஐரோப்பியச் சட்டத்திற்கு முரண் எனத் தீர்த்தது. எனினும் எந்த ஒளிபரப்பாளரையும் பிறநாட்டார்க்குக் காட்டியே தீரவேண்டும் என்று அத்தீர்ப்புக் கட்டாயப்படுத்தவில்லை.

இணையம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் முழுமையாக நிறைவேறவில்லை. 2007இல் வந்த பி.பி.சி.யின் ஐபிளேயர் வெளிநாட்டிலிருந்து பார்ப்போரைத் தடுத்தது. 2011 யூலையிலே ஸ்பெயின் உட்பட மேற்கு ஐரோப்பிய நாடுகள் பதினொன்றிற்கு, கட்டணத்துடன் கூடிய உலக ஐபிளேயர் தொடங்கியது; அதன் நிகழ்ச்சிகள் தெரிந்தெடுக்கப்பட்டவை மட்டுமே. அதுவும் 2015இல் மூடப்பட்டது. 2018 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியம், பயணம் செய்வோர் தாம் கட்டணம் செலுத்தும் சேவைகளைத் தற்காலிகமாகப் பிறநாட்டிலும் பார்க்க வழிசெய்தது. நிலையாகக் குடியேறியவரை அது சேர்க்கவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பிரித்தானியாவிற்கு அந்த ஏற்பாடும் அற்றுப்போயிற்று.

வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் உண்மை புலனாகும். 1990இல் துருக்கியும் 1992இல் போர்த்துக்கலும், ஐரோப்பாவெங்கும் உழைக்கச் சென்ற தம் மக்களை எண்ணித் தனித் தொலைக்காட்சி அலைவரிசைகளைத் தொடங்கின. அவற்றின் நிகழ்ச்சிகள் தரத்திற் குறைந்தன, தலைநகரின் குரலாகவே ஒலித்தன என்று குறைகூறியோரும் உண்டு. எனினும் அவை புலம்பெயர்ந்தோரை எண்ணி, அவர்களை நோக்கி, உரிமை பெற்று அனுப்பப்பட்டவை. ஆகையால் செய்மதி மாறியபோதும் அச்சேவை புதிய செய்மதியைத் தேடிச் சென்றது. 1932இன் பேரரசுச் சேவையும் அவ்வகையினதே. ஸ்பெயினில் விழுந்த ஒளியோ, நிரம்பிய குடத்திலிருந்து வழியிற் சிந்திய நீர். சிந்திய நீரைப் பருகித் தாகம் தீர்த்தோர் அதைத் தமக்கென வார்த்ததாக நம்பியிருந்தனர். குடத்தின் வாய் ஒடுங்கியதும் வழி வறண்டது.

நேயர்களே, நம்மவரும் இன்று பல தேசங்களிலே சிதறி வாழ்கின்றனர். முதியோர் பலர் தாய்மொழியின் குரலைப் பெட்டியொன்றின் வழியேதான் கேட்கின்றனர். அக்குரல் அவர்க்கென அனுப்பப்படுவதா, தற்செயலாக அவரிடம் வந்து விழுவதா என்பதை, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டறிதல் நலம். தமக்கென அமைந்த சேவை குறைந்தால் அதைக் கேட்டுப் பெறும் உரிமை மக்களுக்கு உண்டு. தற்செயலாய் வந்தது நின்றால் முறையிடுதற்கும் ஒரு வாசல் இராது. ஸ்பெயினின் கடற்கரையில் இருண்ட திரைகளின் முன் அமர்ந்திருந்தோர் காலங்கடந்து கற்ற பாடம் இதுவே.